மலையில் வெளுத்த கெம்பு

கல் கவுன்டரில் புதிதாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, லென்ஸ் பிடிக்கச் சொல்லித்தர நான் வரவில்லை. அதை உங்கள் கடையிலேயே சொல்லித்தருவார்கள். இப்போது போனிலேயே வீடியோ போட்டுச் சொல்லித்தருகிறார்களாம். நான் செங்கம் கடைவீதியில் ஒரு நகைக்கடையின் கல் கவுன்டரில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்து எழுந்தவன். போன தையில் ஓய்வு பெற்றேன். காலையில் பேப்பரை விளம்பரம் உட்படப் படித்து முடித்துவிட்டு, மனைவி காய் நறுக்குவதில் குறை கண்டுபிடித்து வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். குறை ஒன்றும் இல்லாத வாழ்க்கை. அதனால்தான் என் குறையை உங்களிடம் தாராளமாகச் சொல்ல முடிகிறது.

எங்கள் பக்கம் மாணிக்கம் என்று யாரும் கல்லைக் கேட்க மாட்டார்கள். மாணிக்கம் என்பது சித்தப்பா பெயர். கல்லுக்குப் பெயர் கெம்பு. கெம்பு வாங்க வருகிறவர் மனதில் ஏற்கெனவே ஒரு சிவப்பு இருக்கும். ஒருவருக்கு மாதுளை முத்து, இன்னொருவருக்குக் கோவைப்பழம், வேறொருவருக்கு வெற்றிலை போட்ட நாக்கு. அந்தச் சிவப்பு எது என்று பேச்சுக் கொடுத்துக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் முதல் வேலை. புறா ரத்தம் என்று புத்தகத்தில் உயர்த்தி எழுதியிருக்கும் நிறத்தைச் செங்கத்தில் ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை.

பர்மா கல் என்றால் இன்றைக்கும் தனி மரியாதை. ஆனால் அது கண்ணில் படுவதே அபூர்வமாகிவிட்டது. ஆப்பிரிக்காவில் தோண்டி, தாய்லாந்தில் சூடேற்றிப் பட்டை தீட்டி, ஜெய்ப்பூர் வழியாக நம் தட்டில் வந்து உட்காருகிற கல்தான் அதிகம். இவ்வளவு ஊர் சுற்றி வந்த கல்லைக் காட்டி, "இது நல்லபாம்பு கக்குனது தானுங்களே?" என்று மலையிலிருந்து வந்த ஒருவர் கேட்டார். பாம்பு கக்கியதாக இருந்தால் தொடுவதற்கு எனக்குத் தைரியம் கிடையாது என்றேன். அவரும் சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டு போனார்.

இன்னொருவர் பாலில் போட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றார். அசல் கெம்பு பாலைச் சிவக்க வைக்கும் என்பது அவர் கேள்விப்பட்டது. டீக்கடையிலிருந்து பால் வரவழைத்தோம். கல்லைப் போட்ட பின்னும் பால் பாலாகவே இருந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் கல்லை எடுத்துத் துடைத்து என் முன்னால் வைத்துவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார். அவர் நம்பிக்கை தப்பாக இருக்கலாம். அதற்காகச் சிரித்தது அதைவிடப் பெரிய தப்பு. கிரகக் கதைகளும் அப்படித்தான். கெம்பு சூரியனுக்கு, நீலம் சனிக்கு, இரண்டுக்கும் ஆகாது என்பார்கள். நமக்குத் தெரியும், கெம்பும் நீலமும் ஒரே வகைக் கல், நிறம்தான் வேறு. அதைச் சொல்லி அவர்களை மடக்கி உங்களுக்கு என்ன ஆகப்போகிறது?

ஆனால் ஒரு நம்பிக்கை என்னைச் சிரிக்க விடவில்லை. போட்டிருக்கும் கெம்பு வெளுத்தால் அந்த வீட்டுக்குக் கெடுதல் வரும் என்பது அது. பெண் போட்டிருந்தால், புருஷனுக்கு.

சில வருடங்களுக்கு முன், ஒரு தை மாதம், ஜவ்வாது மலையிலிருந்து காசியம்மா என்பவர் குடும்பத்தோடு கடைக்கு வந்தார். சாமையும் புளியும்தான் அவர்கள் விவசாயம். காசியம்மா பேசினால் கடைவீதி முழுக்கக் கேட்கும். கூட வந்த அவர் வீட்டுக்காரர் அதற்கும் சேர்த்து அமைதியாக இருப்பார். மகன் ஏழுமலை குட்டியானை வண்டி ஓட்டி, மலையிலிருந்து புளி மூட்டைகளைக் கீழே இறக்குகிறவன். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் தேவகி, பக்கத்து மலை ஊர். அவள் ஜாதகத்தில் சூரியன் சரியில்லை, கெம்பு மோதிரம் போட்டுவிடுங்கள், போட்டபின் எதற்கும் கழற்றக் கூடாது என்று சந்தவாசல் பக்கத்து ஜோசியர் ஒருவர் சொல்லியிருந்தார்.

கூட வந்திருந்த தேவகி ஒரு கல்லைத் தொட்டுக் காட்டினாள். பளிச்சென்ற சிவப்பு, மொச்சைக்கொட்டை அளவு.

"நெஜக் கெம்பு தானுங்களேண்ணா?" என்றார் காசியம்மா.

"கெம்புதாம்மா" என்றேன்.

பொய் இல்லை. உண்மையும் இல்லை. அது கண்ணாடி ஏற்றிய கல். விரிசல் விழுந்த மட்டமான கெம்பில் கண்ணாடியை உருக்கி ஏற்றி விரிசலை மறைத்திருப்பார்கள். பார்வைக்கு நல்ல கல் போலவே இருக்கும், விலை குறைவு. விற்பதில் தப்பில்லை, சொல்லி விற்றால். அன்றைக்குக் கடையில் கல்யாணக் கூட்டம். கண்ணாடி என்று வாயைத் திறந்தால் கால் மணி நேரம் விளக்க வேண்டும். கேட்டது கெம்பா என்றுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மாசிக் கடைசியில், கல்யாணம் முடிந்து சில வாரங்களிலேயே, காசியம்மா தனியாக வந்தார். மோதிரத்தை எடுத்து வைத்தார். கல் மங்கி, மேலே வெள்ளைக் கோடுகள் ஓடி, தயிர் தெளித்த மாதிரி இருந்தது.

"இன்னாம்மா ஆச்சு?"

"எங்களுக்கு இன்னாண்ணா தெரியும்? பையன் வண்டி வளைவுல சரிஞ்சு கையில ஆறு தையலு. அன்னிக்கு சாயங்காலம் இந்தப் பொண்ணு மோதரத்தப் பாக்குது, இப்பிடி வெளுத்துகினு கீது. நான் பக்கத்துல இருந்தா அவருக்கு ஆவாது அத்தன்னு சொல்லிட்டு அம்மா வூட்டுக்குப் போய்ட்டா. யாரும் ஒரு வார்த்த சொல்லல, சாமி சத்தியமா. அவளே போய்ட்டா."

சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. கடைவீதி முழுக்கக் கேட்கும் குரல் அது.

"செவப்பாக்கிக் குடுங்கண்ணா. பாத்தான்னா வந்துடுவா."

எங்கள் ஆசாரி கல்லைப் பதிக்கும்போது ஆசிட் பட்டிருக்கும் என்று நினைத்தேன். கண்ணாடி ஏற்றிய கல் ஆசிட்டைத் தாங்காது. ஆசாரியை மனதுக்குள் திட்டிவிட்டு, அதே பொட்டலத்தில் அதே அளவில் இருந்த இன்னொரு கல்லைப் பதிக்கச் சொன்னேன். அரை நாளில் மோதிரம் தயார். "அழுக்குப் பிடிச்சிருந்ததும்மா, பாலிஷ் போட்டுட்டேன்" என்று கொடுத்தேன். முதல் தடவை பாதி உண்மை சொன்னவன், இரண்டாம் தடவை முழுப் பொய்யே சொன்னேன். காசியம்மா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது.

தேவகி புருஷன் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். இருபது நாள் இருந்திருப்பாள்.

பங்குனியில் காசியம்மா மறுபடி வந்தபோது சத்தமே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தார், மோதிரத்தை வைத்தார். போன தடவையைவிட மோசம்.

"மறுபடியும் போய்ட்டாண்ணா. நீங்க பாலிஷ் போட்டுக் குடுத்தும் வெளுத்துதுன்னா கல்லு மேல தப்பு இல்ல, என் மேலதான்னு சொல்றா. வர்ற ஞாயித்துக்கெழம பெரியவங்கள வெச்சுப் பேசி அறுத்து வுட்டுடுங்க, அவரு உசுரோட இருந்தா போதும்ங்கறா. என் பையன் சோறு துன்னு நாலு நாள் ஆவுது."

என் பொய்தான் அந்தப் பெண்ணுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. முதல் தடவையே கல் கெட்டுவிட்டது என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

காசியம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நகக்கண் எல்லாம் கறுப்பேறி, விரல்கள் தோலுரிந்து கிடந்தன.

"கையில இன்னாம்மா?"

"புளிங்கண்ணா. மாசி, பங்குனி ரெண்டு மாசமும் இதானே வேல. ஓடு தட்டி, கொட்ட எடுத்து, உப்பு போட்டு மிதிச்சு. வெடியகாலம் உக்காந்தா பொழுது சாய்ற வரைக்கும் கை புளியிலதான்."

"தேவகியுமா?"

"அவ என்னோட ரெண்டு மடங்கு தட்டுவா."

"மோதிரத்தக் கழட்டி வெச்சிட்டா?"

"அதெப்பிடிங்கண்ணா? எதுக்கும் கழட்டக் கூடாதுன்னு ஜோசியரு சொல்லியிருக்காரே."

மோதிரத்தை எடுத்து மறுபடி பார்த்தேன். இத்தனை வருடக் கல் வியாபாரிக்கு ஆசாரியின் ஆசிட் தெரிந்தது. தினமும் ரசத்தில் ஊற்றிச் சாப்பிடுகிற புளி தெரியவில்லை. மோதிரம் என்னிடமே இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை நானே மலைக்குக் கொண்டுவருகிறேன் என்று சொல்லி அவரை அனுப்பினேன்.

அன்றைக்கு வீட்டில், அதே பொட்டலத்துக் கல் ஒன்றைப் புளிக் கரைசலில் போட்டு வைத்தேன். "கெம்பு ரசமா? பெருங்காயம் போடட்டுமா?" என்றாள் மனைவி. இன்னொரு கிண்ணத்தில், கண்ணாடி ஏற்றாத நல்ல கெம்பு ஒன்றையும் போட்டேன். மூன்றாம் நாள் எடுத்தபோது நல்ல கெம்பு அப்படியே இருந்தது. மற்றது மங்கி, கோடு விட்டிருந்தது. புளி கெம்பைத் தொடவில்லை, கெம்புக்குள் இருந்த கண்ணாடியைத் தின்றிருந்தது.

முதலாளியிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் வியாபாரி. "ஏற்கெனவே ஆசாரிகிட்ட சொல்லி வேற கல்லு வெச்சாச்சு" என்று, நான் கடையில் வைத்துவிட்டுப் போயிருந்த மோதிரத்தை எடுத்துக் காட்டினார். அதே பொட்டலத்துக் கல்தான், பளிச்சென்று இருந்தது. "இதக் குடுத்துட்டு, புளியில கை வெக்கும்போது கழட்டிடச் சொல்லிட்டு வந்துடுங்க சார். கண்ணாடி கிண்ணாடின்னு மலையில போய் வாயத் தெறந்தீங்கன்னா, அப்புறம் ஒருத்தன் நம்ம கடைப் படியேற மாட்டான். நீங்களும் ஏற வேணாம்."

இதில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவர் சொன்ன வழியில் ஓட்டை இல்லை. மோதிரம் சிவக்கும், பெண் வீடு திரும்புவாள், கடை பெயர் தப்பும், என் வேலை தப்பும். மலைக்குப் போகும் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு சாய்ந்துகொண்டே அதையேதான் யோசித்தேன். நல்ல கெம்பு ஒன்றையும் பொட்டலமாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். எதை எடுப்பது என்று இறங்கும்போதுகூடத் தீர்மானம் இல்லை.

தேவகியின் அம்மா வீட்டு வாசலில் புளி குவித்திருந்தது. அதைச் சுற்றித்தான் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர்கள் நாலு பேர், காசியம்மா, அவர் வீட்டுக்காரர், கையில் தையல் தழும்போடு ஏழுமலை. தேவகி கதவோரம் நின்றாள். இளைத்திருந்தாள்.

மோதிரத்தை எடுத்து நீட்டினேன். வெயிலில் அது தகதகவென்று சிவந்தது. தேவகி முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். ஏழுமலை எழுந்தே நின்றுவிட்டான். அப்படியே விட்டிருக்கலாம். அடுத்த பஸ் பிடித்துச் செங்கம் போயிருக்கலாம்.

ஆனால் அவள் மோதிரத்தைப் போட்டுக்கொள்ளவில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இந்த வாட்டி எவ்ளோ நாளுக்குங்க?" என்றாள்.

என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கண்ணாடி ஏற்றிய கல் என்று முதலில் சொல்லாமல் விட்டதை, பாலிஷ் என்று பொய் சொன்னதை, புளியை. "உன் ராசியும் இல்லம்மா, சூரியனும் இல்ல. தப்பு என்னோடது" என்றேன். பெரியவர் ஒருவர், "இத மொதல்ல சொல்ல வாயில இன்னா வெச்சிருந்த?" என்றார். நியாயமான கேள்வி. தலையைக் குனிந்துகொண்டேன்.

தேவகிதான் விடவில்லை. "ரெண்டு வாட்டி ஒண்ணு சொன்னீங்க, இப்போ ஒண்ணு சொல்றீங்க. எனக்கு மனசு ஆறணும்னு இதுவும் சொல்லலாமே?"

"சந்தேகமா இருந்தா இந்த மாதிரி கல்லு ஒண்ணு கிண்ணத்துல புளியோட போட்டு வெச்சுப் பாரும்மா. மூணே நாளு."

"கிண்ணத்துக்கு புருஷன் கீறானா?" என்றாள்.

அவள் கேட்டது சரிதான். கிண்ணத்தில் வெளுத்தால் புளி என்று ஆகும். விரலில் வெளுத்ததற்குக் காரணம் புளியா, தானா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? வேறொரு சுமங்கலி விரலில் போட்டுப் புளி தட்டிப் பார்த்தால்தான் தெரியும். அதை அவளே சொல்லவும் செய்தாள். சொல்லிவிட்டுச் சுற்றிப் பார்த்தாள். அவள் அக்கா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அவள் அம்மா குனிந்து புளி ஓட்டைப் பொறுக்கினார். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவரவர் வீட்டில் அவரவர் புருஷன்.

காசியம்மா எழுந்து போய், தேவகி கையிலிருந்த மோதிரத்தை எடுத்துத் தன் விரலில் நுழைத்தார். கணுவில் இடித்தது. எச்சில் தொட்டுத் திருகி ஏற்றினார்.

"அத்த, வேணாம்" என்றாள் தேவகி.

காசியம்மா வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார். நான் அவர் குரலைக் கேட்டதே அப்போதுதான். "போட்டுக்கினு வாடி. இன்னா ஆயிடும்னு பாக்கலாம்" என்று சொல்லி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார். அவருக்கும் அந்த நம்பிக்கை உண்டு, பிள்ளைகளே. இல்லாதவர் சொல்லியிருந்தால் அது வெறும் பேச்சு.

மறுநாள் முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அதன் பின் பத்து நாள் நான் கடையில் இருந்தேன் என்று பெயர்தான். காசியம்மா வீட்டுக்காரருக்கு ஒரு தும்மல் வந்தால்கூட அந்தப் பெண் வாழ்க்கை போச்சு என்பது மனதை அரித்துக்கொண்டே இருந்தது. தற்செயல் என்று ஒன்று இருக்கிறதே.

பதினோராம் நாள் காலை, கடை நிறையக் கூட்டம். வாசலில் அந்தப் பழைய குரல் கேட்டது.

"அண்ணா! கல்லு கெட்டுப்போச்சுண்ணா!"

கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். முதலாளி கல்லாவிலிருந்து எழுந்துவிட்டார். காசியம்மா கையை உயரத் தூக்கிக்கொண்டு வந்தார். விரலில் கல் வெள்ளை வெளேரென்று செத்துக் கிடந்தது. முகமெல்லாம் சிரிப்பு. என் முப்பத்தோரு வருடத்தில் கல் கெட்டதற்குச் சந்தோஷப்பட்டு வந்த ஒரே வாடிக்கையாளர் அவர்தான். பின்னாலேயே அவர் வீட்டுக்காரர், கையில் வடைப் பொட்டலத்தோடு, கல்லுக்குண்டாக வந்தார்.

"நடுவுல ஒரு நாள் பலாப்பழம் துன்னுட்டு வவுறு வலின்னாரு பாருங்க, எனக்கு உசுரே போய்ட்டு வந்துச்சு" என்றார் காசியம்மா.

"எனக்கில்ல போவணும்?" என்றார் அவர்.

அவர்களுக்குப் பின்னால் தேவகியும் ஏழுமலையும் நின்றார்கள். கல் வெளுத்ததைப் பார்த்து வீடு திரும்பினாளா என்று கேட்டேன். இல்லையாம். மூன்றாம் நாளே, கல் சிவப்பாக இருக்கும்போதே, காலையில் நடந்தே மாமியார் வீட்டுக்கு வந்துவிட்டாளாம். மாமாவுக்கு ஏதாவது ஆகிவிடப் போகிறது, கழற்றுங்கள் என்று அத்தையின் கையைப் பிடித்து இழுத்தாளாம். காசியம்மா விரலை மடக்கிக்கொண்டு கொடுக்கவில்லையாம். அன்றிலிருந்து இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து புளி தட்டியிருக்கிறார்கள், ஒருத்தி வெளுக்க வேண்டும் என்றும் ஒருத்தி பயந்துகொண்டும்.

முதலாளி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தார். பிறகு என் தட்டிலிருந்த அந்தப் பொட்டலத்தை எடுத்து, அதன் மேல் 'கண்ணாடி ஏற்றியது' என்று பேனாவால் எழுதினார். இன்றைக்கும் அந்தக் கடையில் அப்படித்தான் எழுதி வைக்கிறார்கள், வாங்குகிறவர் கேட்கும் முன்பே படித்தும் காட்டுகிறார்கள். நீங்களும் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். கேட்கத் தெரியாதவர்கள்தான் நம்மை முழுசாக நம்பி வருகிறவர்கள்.

நான் நல்ல கெம்புப் பொட்டலத்தைப் பிரித்துத் தேவகி முன்னால் வைத்தேன். கொஞ்சம் சின்னக் கல், ஆனால் மாதுளை முத்துச் சிவப்பு. "இது புளியில ஊறினாலும் ஒண்ணும் ஆவாதும்மா. என் கடனா இதப் பதிச்சுக் குடுக்கறேன்" என்றேன்.

அவள் அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பிடித்திருந்தது, முகத்தில் தெரிந்தது. பிறகு பொட்டலத்திலேயே வைத்து என் பக்கம் நகர்த்தினாள்.

"வேணாங்க. அது சூரியனுக்காகப் போட்றது." மாமியாரின் விரலிலிருந்து வெளுத்த மோதிரத்தை மெல்லத் திருகிக் கழற்றித் தன் விரலில் போட்டுக்கொண்டாள். "இது எங்க அத்த எனக்காக வெளுக்க வெச்சது."